பிண்ணாக்கில் மிஞ்சும் எண்ணெய்

எள்ளின் நெய்தான் எண்ணெய். பின்னர் தேங்காய்க்கும் நிலக்கடலைக்கும் ஆமணக்குக்கும் அதுவே பொதுப்பெயர் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நிலத்தடியிலிருந்து எடுத்த ஒரு திரவம் தகர டின்களில் கப்பலேறி வந்தபோது, தமிழர் அதற்கும் இப்பெயரையே நீட்டி வழங்கினர். மண்ணுக்குள்ளிருந்து வந்ததால் மண்ணெண்ணெய். சீமையிலிருந்து வந்ததால் சீமையெண்ணெய், பேச்சில் சீமெண்ணெய். நம் தருமபுரிப் பக்கத்தில் ஆங்கிலச் சொல் நாவில் குழைந்து கிருஷ்ணாயில் ஆகிக் கடவுளின் பெயரையும் சேர்த்துக்கொண்டது. தனித்தமிழ் அன்பர்கள் பெட்ரோலுக்குக் கல்நெய், கன்னெய் என்று பெயரிட்டனர். பெட்ரோலியம் என்ற இலத்தீன் வழிச் சொல்லின் பொருளும் அதுவே: பாறையின் எண்ணெய்.

இத்தனை பெயர்களுள் உண்மைக்கு மிக அருகில் நிற்பது கல்நெய்தான். ‘எண்ணெய்க் கிணறு’, ‘எண்ணெய் ஊற்று’ என்றெல்லாம் கேட்டுப் பழகிய நமக்கு, பூமிக்கடியில் ஒரு கரிய ஏரி ததும்பிக்கொண்டிருப்பதாகவும், குழாயை இறக்கி உறிஞ்சினால் அது வற்றும்வரை வந்துகொண்டே இருக்குமென்றும் ஒரு மனச்சித்திரம் உண்டு. அப்படியொரு ஏரி எங்குமில்லை. மணற்பாறையிலும் சுண்ணாம்புப் பாறையிலும் உள்ள, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில் எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் அது வெறுங்கல். அந்தக் கல்லிடமிருந்து எண்ணெயைப் பிரித்தெடுப்பது அத்தனை எளிதன்று. உலகச் சராசரியாகப் பார்த்தால், கண்டுபிடிக்கப்பட்ட எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மேலே வருகிறது. ‘வற்றிவிட்டது’ என்று கைவிடப்படும் எண்ணெய் வயலில், எடுத்ததைவிட எடுக்காததே பெரும்பாலும் மிகுதி.

இதைப் புரிந்துகொள்ள நமக்குச் செக்கு போதும். செக்கில் ஆட்டிய பிண்ணாக்கை மாடு விரும்பித் தின்பதற்கு அதில் மிஞ்சியிருக்கும் எண்ணெயும் ஒரு காரணம். செக்காட்டுபவர் எள்ளை வெறுமனே நசுக்குவதில்லை. பதம் பார்த்துச் சிறிது நீர் தெளிப்பார்; கருப்பட்டி சேர்ப்பார். நீர் சேர்ந்தால்தான் எண்ணெய் பிரியும் என்பது அவருடைய அனுபவ அறிவு. செக்கு விட்டதை எக்ஸ்பெல்லர் எடுத்தது. எக்ஸ்பெல்லர் விட்டதை ஹெக்சேன் என்னும் கரைப்பானால் கழுவி எடுக்கும் ஆலைகள் பின்னர் வந்தன. நசுக்குதல், நீர் தெளித்தல், கழுவுதல் என்ற இந்த வரிசையே, பெரிய அளவில், பூமிக்கடியிலும் நிகழ்ந்தது. முதுமையடைந்த எண்ணெய் வயல்களிலிருந்து மேலும் எண்ணெய் பெறும் முறைகளின் வரலாறு அதுதான். அவ்வரலாற்றின் தொடக்கத்தில் அறிவைவிட அவசரமே அதிகமாக இருந்தது என்பதையும் சேர்த்தே நாம் சொல்லவேண்டும்.

*

1859 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டைட்டஸ்வில் என்ற சிற்றூரில், எட்வின் டிரேக் எழுபது அடிக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் எண்ணெய் கண்டார். நம் ஊர்த் திறந்த கிணறுகள் பல அதைவிட ஆழமானவை. சில ஆண்டுகளுக்குள் அப்பள்ளத்தாக்கு துளைக்கருவிகளால் நிறைந்தது. தன் நிலத்தில் துளையிடுபவர், பக்கத்து நிலத்தின் அடியிலுள்ள எண்ணெயையும் சேர்த்தே இழுக்கிறார். பாறைக்கு வேலி கிடையாது. அப்படியானால் அந்த எண்ணெய் யாருடையது? 1889இல் பென்சில்வேனிய நீதிமன்றம் எண்ணெயையும் எரிவாயுவையும் காட்டு விலங்குகளுக்கு ஒப்பிட்டது. அலைந்து திரியும் விலங்கு எவர் நிலத்தில் பிடிபடுகிறதோ அவருக்கே உரியது. இவ்விதி புதிதாகப் பிறந்ததன்று. நிலத்தடி நீரைப் பற்றி 1843இல் இங்கிலாந்தில் வழங்கப்பட்ட தீர்ப்பொன்றின் வழிவந்தது. இத்தீர்ப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் முடிவில் அது நம் ஊருக்கே வருகிறது.

விதியின் விளைவு எளிதில் ஊகிக்கத் தக்கது. பக்கத்துக்காரர் இழுப்பதற்குள் நாம் இழுத்துவிடவேண்டும். எண்ணெயை மேலே தள்ளுவது அதனுள் கரைந்துள்ள வாயுவும், அதன்மேல் தங்கியுள்ள வாயுவும், அடியிலுள்ள நீரும் தரும் அழுத்தம். சோடா புட்டியைத் திறந்ததும் பொங்கி வருவது போன்றது அது. பொங்கி அடங்கிய பின் புட்டியில் மிஞ்சியது தானாக வெளிவராது. பென்சில்வேனியாவில் ஆயிரம் பேர் ஒரே புட்டியை ஒரே நேரத்தில் திறந்தார்கள். வாயு வீணாகக் காற்றில் போயிற்று. எண்ணெய் பாறையிலேயே தங்கிவிட்டது.

பித்ஹோல் என்ற ஊர் 1865இல் எண்ணெய் வேட்டையால் திடீர் நகரமாகி, விரைவிலேயே பாழூருமாயிற்று. அந்த வட்டாரத்தில் ஒரு விந்தை கவனிக்கப்பட்டது. கைவிடப்பட்ட கிணறுகளின் குழாய்கள் பழுதாகி மேலடுக்கு நீர் உள்ளே இறங்கிய இடங்களில், சற்றுத் தள்ளியிருந்த கிணறுகளில் எண்ணெய் கூடியது. நீர் புகுந்தால் கிணறு கெடும் என்பதே அன்றைய பொதுநம்பிக்கை. ஜான் கார்ல் என்ற நிலவியலாளர் 1880இல் தம் அறிக்கையில், நீரே எண்ணெயைத் தள்ளிச் செல்கிறது, அதைத் திட்டமிட்டுச் செலுத்தினால் மேலும் எண்ணெய் பெறலாம் என்ற கருத்தை முன்வைத்தார். எண்ணெய் குகைகளிலோ பெரும் பிளவுகளிலோ தேங்கவில்லை, மணற்பாறையின் நுண்துளைகளிலேயே இருக்கிறது என்று வலியுறுத்தியவரும் அவரே. கல்நெய் என்பதன் பொருளை முதலில் முழுமையாக உணர்ந்தவர்களுள் ஒருவர் என்று அவரைச் சொல்லலாம்.

எனினும் சட்டம் பழைய நம்பிக்கையின் பக்கம் நின்றது. கிணற்றுக்குள் நீர் விடுவது தடை செய்யப்பட்டிருந்தது. பிராட்ஃபோர்டு வயலில் சிலர் அதை மறைவாகச் செய்தனர். பலன் கண்கூடாகத் தெரிந்தபின் 1921இல் அம்மாநிலம் அதைச் சட்டப்படி அனுமதித்தது. கார்ல் எழுதி நாற்பதாண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. நான்கு மூலைகளில் நீர்க்கிணறு, நடுவில் எண்ணெய்க் கிணறு என்னும் சதுர அமைப்பு அதன்பின் பரவியது. இன்றும் உலகில் மிகப் பரவலாகக் கையாளப்படும் முறை நீர் செலுத்துவதே. ஒரு விபத்தே அதன் தொடக்கம்.

*

நீரைச் செலுத்தினால் எல்லா எண்ணெயும் வந்துவிடுமா? வராது. இரு காரணங்கள் உண்டு.

முதற்காரணத்தை உழவர் அனைவரும் அறிவர். மேடு பள்ளமான வயலில் மடையைத் திறந்தால் நீர் பள்ளம் பார்த்து ஓடிக் கடைமடையைத் தொட்டுவிடும். மேடு காய்ந்தே கிடக்கும். பாறையும் அத்தகையதே. ஓர் அடுக்கில் நீர் எளிதில் ஓடும், மற்றோர் அடுக்கில் அரிதாகக் கசியும். எண்ணெய் தடிப்பாகவும் நீர் இளகலாகவும் இருந்தால், நீர் எண்ணெயைத் தள்ளுவதற்கு மாறாக அதனூடே விரல் விட்டாற்போல் கிளைபிரிந்து ஓடிவிடும். அதன்பின் எவ்வளவு நீரைச் செலுத்தினாலும், அந்த வழியே வந்து அந்த வழியே போகும். முதிர்ந்த வயல்களில் மேலே வரும் பத்துப் பீப்பாயில் ஒன்பது உப்புநீராக இருப்பது அரிதன்று.

இரண்டாம் காரணம் இன்னும் நுட்பமானது. நீர் கடந்து சென்ற துளைகளிலும் எண்ணெய் சிறு துளிகளாகத் துண்டுபட்டுச் சிக்கிக்கொள்கிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தில் வெறும் நீரை எவ்வளவு ஊற்றினாலும் பிசுக்குப் போவதில்லை. நீருக்கும் எண்ணெய்க்கும் இடையிலுள்ள பரப்பு இழுவிசை அத்துளியைத் துளையின் கழுத்தில் இறுகப் பிடித்து வைத்திருக்கிறது.

இவ்விரு காரணங்களிலிருந்தே மூன்றாம் கட்ட முறைகள் எல்லாம் பிறந்தன. நீர் இளகலாக இருப்பது குறை என்றால், பாலிமர் கலந்து அதைக் கஞ்சி போலத் தடிப்பாக்கலாம். பிசுக்குப் போகவில்லை என்றால், பாத்திரத்துக்குச் சோப்பும் தலைக்குச் சீயக்காயும் செய்வதைச் செய்யக்கூடிய பொருளைக் கலக்கலாம். எண்ணெய் தடிப்பாக இருப்பது குறை என்றால், சூடேற்றி இளக்கலாம். எண்ணெயோடு கலந்து அதை உப்பவைத்து இளக்கும் கரிவளி போன்ற வாயுவைச் செலுத்தலாம். பாறைக்குள்ளேயே சோப்புப் போன்ற பொருளையும் வாயுவையும் ஆக்கித்தரும் நுண்ணுயிர்களை வளர்க்கலாம். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கிளாட் சோபெல் 1940களில் தொடங்கிவைத்த இக்கடைசி வழியில் இந்தியாவிலும் முயற்சிகள் நடந்துள்ளன.

பாறையில் எது எவ்வளவு வேகத்தில் ஓடும் என்ற கணக்குக்கு அடிப்படை தந்தவர் எண்ணெயோடு தொடர்பே இல்லாதவர். பிரான்சின் டிஜோன் நகருக்குக் குடிநீர் தந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணலில் நீர் வடியும் விதியை 1856இல் வெளியிட்டார். டிரேக்கின் கிணற்றுக்கு மூன்றாண்டு முன்பு. இன்றும் பாறையின் கசிவுத்திறனை அளக்கும் அலகுக்கு அவர் பெயரே. எண்ணெய்க்கும் கிணற்று நீருக்கும் பாறை வேறு வேறு சட்டம் வைத்திருக்கவில்லை.

*

இந்தியாவில் இக்கதை அஸ்ஸாமின் டிக்பாயில் தொடங்குகிறது. இருப்புப்பாதை போடும் பணியில் மரம் இழுத்த யானையின் காலில் எண்ணெய் ஒட்டியிருந்தது என்ற செவிவழிக் கதை ஒருபுறம் இருக்க, 1889இல் அங்கு எண்ணெய் கண்டதும், 1901இல் சுத்திகரிப்பு ஆலை எழுந்ததும் வரலாறு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகள் அங்குத் தோண்டப்பட்டன. ஆட்சி மாறி, உடைமை மாறி, நூற்றாண்டு கடந்தும் அவ்வயல் சிறிதளவு எண்ணெய் தந்துகொண்டிருந்தது என்பது, முதுமை வேறு மரணம் வேறு என்பதற்குச் சான்று.

விடுதலைக்குப் பின், 1956இல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் அமைந்தது. 1960இல் குஜராத்தின் அங்கலேஷ்வரில் பெருவயல் கிடைத்தது. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அங்கு நீர் செலுத்தும் பணி தொடங்கிற்று. பென்சில்வேனியா அறுபதாண்டு தயங்கியதை இங்குச் சில ஆண்டுகளிலேயே செய்தார்கள். பிறர் பட்ட பாடு நமக்குப் பாடமாயிற்று எனலாம்.

ஆனால் பாடம் கற்பது ஒன்று, அதைக் கடைப்பிடிப்பது வேறொன்று. 1974இல் சாகர் சாம்ராட் என்ற துளைக்கப்பல் பம்பாய்க்கு அப்பால் கடலடியில் எண்ணெய் கண்டது. 1976இல் உற்பத்தி தொடங்கிற்று. பம்பாய் ஹை நாட்டின் எண்ணெய்ப் பசிக்குக் கிடைத்த பெருவிருந்து. 1989-90இல் நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 34 மில்லியன் டன்னை எட்டியது. அதன் பெரும்பகுதி அந்த ஒரு வயலிலிருந்தே வந்தது. எடுத்த வேகத்துக்கு அழுத்தம் ஈடுகொடுக்கவில்லை. எண்ணெய்க்குப் பதில் வாயு மிகுதியாக வந்த கிணறுகளை மூட வேண்டியதாயிற்று. 1992-93இல் நாட்டின் உற்பத்தி 27 மில்லியன் டன் அளவுக்குச் சரிந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் நாடு தவித்த அதே ஆண்டுகள் அவை. இங்கு வேலியும் இல்லை, போட்டிக்காரரும் இல்லை. கிணறுகள் அனைத்தும் அரசுடையவை. ஆயினும் பக்கத்து நிலக்காரனின் இடத்தில் ஆண்டு இலக்கு வந்து நின்றுகொண்டது. பின்னர் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய மறுசீரமைப்பில் பெருந்தொகை செலவிட்டு, புதிய கிணறுகளாலும் பக்கவாட்டுத் துளைகளாலும் அவ்வயலின் சரிவு தடுக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் பிரிட்டனின் பி.பி. நிறுவனம் அதே வயலின் உற்பத்தியைக் கூட்டத் தொழில்நுட்பத் துணையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐம்பதாண்டு கண்ட வயலுக்கு இன்றும் மருத்துவம் தொடர்கிறது.

*

வெப்பத்தால் எண்ணெய் எடுக்கும் முறையின் வரலாற்றிலும் ஒரு விபத்து உண்டு. 1959இல் வெனிசுவேலாவின் மேனே கிராந்தே வயலில், நீராவி செலுத்திக்கொண்டிருந்தபோது அது நிலத்தைப் பிளந்து வெளியேறத் தொடங்கியது. அழுத்தத்தைக் குறைப்பதற்காகச் செலுத்து கிணற்றையே திறந்துவிட்டனர். அதிலிருந்து எண்ணெய் பெருகி வந்தது. நீராவி விட்டு, சிலநாள் ஊறவிட்டு, அதே கிணற்றில் எடுக்கும் முறை அப்படித்தான் கண்டறியப்பட்டது.

குஜராத்தின் மேசானா மாவட்டத்தில், பாலோல், சாந்தால் ஆகிய வயல்களில், வெப்பத்தை மேலிருந்து அனுப்பாமல் பாறைக்குள்ளேயே மூட்டினார்கள். அங்குள்ள எண்ணெய் மிகத் தடிப்பானது. கம்ப்ரசர் கொண்டு காற்றை உள்ளே செலுத்தி, எண்ணெயின் ஒரு பகுதியைப் பாறைக்குள் பற்றவைத்தால், கனமான அடிக்கசடு எரிகிறது. எழும் வெப்பமும் வாயுவும் மீதி எண்ணெயை இளக்கி முன்னே தள்ளுகின்றன. ஒரு பங்கை எரித்துப் பல பங்கை மீட்கும் வித்தை இது. பாலோலில் 1990இல் சோதனையாகத் தொடங்கி, 1997இல் இரு வயல்களிலும் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. இயல்பாக விட்டால் நூற்றுக்குப் பதின்மூன்று பங்குக்கு மேல் கிடைக்காது என்றிருந்த இடத்தில், நாற்பது பங்கு அளவுக்கு எதிர்பார்க்கலாம் என்ற நிலை உருவாயிற்று. உலகில் தொடர்ந்து வெற்றிகண்ட உள்ளெரிப்புத் திட்டங்கள் மிகச் சிலவே; அவற்றுள் இவை இடம்பெறுகின்றன.

ராஜஸ்தானின் பாட்மேர் பாலையில் 2004இல் கண்டறியப்பட்ட மங்களா வயலின் சிக்கல் வேறுவகை. அங்குள்ள எண்ணெயில் மெழுகு மிகுதி. மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் புட்டியில் உறைவதைப்போல, அது சாதாரண வெப்பத்திலேயே உறைந்துவிடும். ஆகவே 2009இல் உற்பத்தி தொடங்கியதிலிருந்தே சூடாக்கிய நீரைச் செலுத்தினர். குஜராத் கடற்கரைவரை ஏறத்தாழ 670 கிலோமீட்டர் தூரத்துக்குக் குழாயையும் சூடாகவே வைத்திருக்கவேண்டியிருந்தது. பின்னர் 2014-15இல் பாலிமர் கலந்த நீர் வயல் முழுவதும் செலுத்தப்பட்டது. உலகின் பெரிய பாலிமர்த் திட்டங்களுள் ஒன்று அது. பாலைவனத்தில் இவ்வளவு நீர் எங்கிருந்து? குடிக்கவோ பயிருக்கோ உதவாத, தும்ப்ளி என்ற இடத்து நிலத்தடி உப்புநீர் அதற்கு எடுக்கப்பட்டது. இச்சிறு செய்தியை நாம் அடிக்கோடிட விரும்புகிறோம். எண்ணெயை மீட்கும் முறை எதுவாயினும், எந்த நீரால் என்பதே அதன் முதற்கேள்வி.

கரிவளி முறை 1972இல் டெக்சாஸில் பெரிய அளவில் தொடங்கிற்று. 2000இல் கனடாவின் வேபர்ன் வயலுக்கு, எல்லைக்கு அப்பாலுள்ள நிலக்கரி ஆலையொன்றின் கரிவளி குழாய்வழி அனுப்பப்பட்டது. கோயலி சுத்திகரிப்பு ஆலையின் கரிவளியைக் காந்தார் வயலுக்குக் கொண்டுசெல்ல 2019இல் இந்தியாவிலும் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வானைச் சூடாக்கும் வாயுவை மண்ணுக்குள் பூட்டுவது நன்றே. அதன் பயனாய் வரும் எண்ணெயும் எரிந்து அதே வாயுவாகும் என்பதையும் கணக்கில் எழுதவேண்டும்.

*

இனித் தமிழகம். ஒகேனக்கல்லில் பாறைகளை அறுத்துக்கொண்டு தருமபுரி மாவட்டத்தின் வழியே தமிழகத்துள் நுழையும் காவிரி, கடலைச் சேருமிடத்தில் படிந்த நிலப்பரப்பின் அடியில்தான் தமிழகத்தின் எண்ணெய் இருக்கிறது. நிலவியலார் அதற்கு வைத்த பெயரே காவிரிப் படுகை. கோண்டுவானாப் பெருநிலம் பிளந்தபோது உண்டான பள்ளங்களில், மேட்டு நிலத்துப் பாறைகள் தேய்ந்து வந்த மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்தன. 1980களில் புவனகிரி, நரிமணம், கோவில்களப்பால் என ஒவ்வொன்றாக வயல்கள் கிடைத்தன. 1993இல் நாகைக்கு அருகே சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. பின்னாளில் சீர்காழி வட்டாரத்து மாதானத்தில், படிவுகளுக்கும் கீழேயுள்ள அடிப்பாறையின் விரிசல்களில் எண்ணெய் கண்டனர். அந்த அடிப்பாறை வேறெதுவுமன்று: தருமபுரியில் குன்றாக நின்று, கல்குவாரியில் உடைபடும் பழம்பாறையின் இனத்தைச் சேர்ந்ததே. நம் ஊர்க் கல் அங்குக் கல்நெய் தாங்கி நிற்கிறது.

டெல்டாவில் எண்ணெய் என்ற சொல் இன்று அச்சத்தையும் கோபத்தையும் எழுப்புவதன் காரணங்களை நாம் அறிவோம். 2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு ஒப்பந்தமானது. 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு ஜூனில் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. 2020 பிப்ரவரியில் டெல்டா மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் நிறைவேறியது. புதிதாக எண்ணெயோ எரிவாயுவோ தேடுவதையும் எடுப்பதையும் அது தடுக்கிறது. முன்பே நடந்துவரும் பணிகளை அது தொடவில்லை.

இதன் பொருள் என்ன? புதுக் கிணறு கூடாது, பழைய கிணறு இருக்கலாம். அப்படியானால் டெல்டாவில் இனி எழக்கூடிய கேள்வி பழைய கிணறுகளைப் பற்றியதே. 2018இல் மத்திய அரசு முதிர்ந்த வயல்களில் மீட்பு முறைகளை ஊக்குவிக்கத் தனிக் கொள்கையே வகுத்துள்ளது. கூடுதலாகக் கிடைக்கும் எண்ணெய்க்கு வரிச்சலுகையும் உண்டு. 2011-12இல் சுமார் 38 மில்லியன் டன்னாக இருந்த நாட்டின் உற்பத்தி, 2023-24இல் 30 மில்லியன் டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. தேவையில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் இறக்குமதி. இந்நெருக்கடியில் பழைய கிணறுகளின் மேல் பார்வை திரும்புவது இயல்பு.

அப்போது ஆம் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் முன் நமக்குச் சொற்கள் வேண்டும். மீத்தேன், ஹைட்ரோகார்பன், எண்ணெய் எல்லாம் நம் மேடைகளில் ஒரே சொல்லாகக் குழம்பிக் கிடக்கின்றன. நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க, அப்படுகையிலுள்ள நீரை முதலில் இறைத்து வெளியேற்றவேண்டும். அழுத்தம் குறைந்தால்தான் வாயு நிலக்கரியை விட்டுப் பிரியும். முதிர்ந்த எண்ணெய் வயலில் நடப்பது இதற்கு நேர்மாறு: அங்கு நீரை உள்ளே செலுத்துகிறார்கள். முன்னதில் உழவர் அஞ்சவேண்டியது நிலத்தடி நீர் இறங்குவதை. பின்னதில் கேட்கவேண்டியவை வேறு. செலுத்துவது நன்னீரா, கடல்நீரா, எண்ணெயோடு மேலே வந்த உப்புநீரா? அந்த உப்புநீரில் எவ்வளவு மீண்டும் பாறைக்குள் போகிறது, எவ்வளவு வெளியே விடப்படுகிறது? பழைய குழாய்களின் சிமெண்டு புது அழுத்தத்தைத் தாங்குமா? கைவிட்ட கிணறுகள் முறையாக அடைக்கப்பட்டுள்ளனவா? பாட்மேர்ப் பாலையில் நன்னீரைத் தொடாமல் செய்ய முடிந்தது என்றால், கடலை ஒட்டிய டெல்டாவில் நன்னீரைக் கேட்பதற்கு நியாயமில்லை. இக்கேள்விகளைத் தமிழில் கேட்கத் தெரிந்த ஊரை, விளம்பரத்தாலும் ஏமாற்ற இயலாது, வதந்தியாலும் அலைக்கழிக்க இயலாது.

*

இனி, முன்பு நினைவில் வைக்கச் சொன்ன தீர்ப்புக்கு வருவோம். நிலத்தடியில் உள்ளதை எடுத்தவரே உடையவர் என்ற அந்த ஆங்கிலேய விதி பென்சில்வேனியாவுக்கு மட்டும் செல்லவில்லை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், குறிப்பிட்ட கால்வாயாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் திரட்டிப் பயன்படுத்தும் உரிமையை நில உடைமையாளருக்கு வழங்கியது. அந்த உரிமையில்தான் தருமபுரியின் போர்வெல்கள் இறங்கின. திறந்த கிணறு வற்றிற்று, போர் போட்டோம். பக்கத்துக் காட்டில் இன்னும் ஆழமாகப் போட்டார்கள், நாமும் போட்டோம். இறங்க இறங்கத் தண்ணீரோடு ஃபுளோரைடும் வந்தது. பல்லில் கறையும் எலும்பில் நோயும் கண்டபின், 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின்வழி காவிரியே மேடேறி வரவேண்டியதாயிற்று. வற்றிய போர்களில் உயர் அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறை விரிசல்களைத் திறக்கும் முறையும் நம்மிடம் உண்டு. எண்ணெய்த் தொழிலின் மருத்துவம் தண்ணீருக்கும் வந்துவிட்டது. அதன் கட்டுப்பாடு மட்டும் வரவில்லை.

எண்ணெய்த் தொழில் தன் இழப்பிலிருந்து ஒன்றைக் கற்றது. பாறை ஒன்று என்றால், அதிலிருந்து எடுப்பதும் ஒரே திட்டமாக இருக்கவேண்டும்; எடுப்பவர் பலரானாலும் அளவு ஒன்றாக வேண்டும். 1931இல் கிழக்கு டெக்சாஸில் கிணறுகளின் போட்டியைத் தடுக்க ஆளுநர் படையை அனுப்பவேண்டி வந்தபின் அந்த அறிவு வந்தது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தமிழகம் 2003இல் இயற்றிய சட்டம், நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது.

பிண்ணாக்கில் மிஞ்சிய எண்ணெயை நீராலோ நெருப்பாலோ கரைப்பானாலோ மீட்டுக்கொள்ளலாம். கோடிகள் செலவாகும், அவ்வளவே. அது பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்திருந்தது, இன்னும் காத்திருக்கும். நம் பாறையிலிருந்து அவசரத்தில் இறைத்துவிட்ட நீருக்கு அப்படி ஒரு மீட்புமுறை எந்த நாட்டிலும் கண்டுபிடிக்கப்படவில்லை. மழை பெய்யவேண்டும், அது இறங்க ஏரி இருக்கவேண்டும், அதுவரை பொறுக்க நமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.